இரண்டு பேருக்கு ஒரு கிடாரம்

டங், டங், டங்.

குசினிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்ததும், முன் அறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஷரிபுதீன் தேத்தண்ணிக் கோப்பையை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன அது?"

திரைச்சீலைக்குப் பின்னால், உள் அறையில், அவருடைய தங்கை சல்மா உம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் இருந்த சுஹறா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அது என்ன என்று அவளுக்குத் தெரியும்.

"ஒண்டுமில்ல காக்கா. மச்சான்ட கையில இருந்து அகப்ப வழுகியிரிக்கும்."

மூன்று தரம் வழுகுமா அகப்பை? ஷரிபுதீன் மருதமுனையில் கைத்தறிச் சாறன் வியாபாரம் செய்கிறவர். பொய்யைத் தொட்டுப் பார்த்தே நூல் எண் சொல்லக்கூடியவர். ஆனாலும் விருந்துக்கு வந்த இடம் என்பதால் திரும்பவும் தேத்தண்ணியைக் குடித்தார்.

உண்மையில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கலியாண வீடுகளில் சாப்பிட்ட எவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். சமையல்காரர் கச்சிமுகம்மது இரும்பு அகப்பையால் கிடாரம் என்ற அந்தப் பெரிய அண்டாவின் விளிம்பில் மூன்று தட்டுத் தட்டினால், ஆணம், அதுதான் கறிக்குழம்பு, இறங்கிவிட்டது, சஹனைக் கொண்டுவாருங்கள் என்று அர்த்தம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் அந்தப் பெரிய தட்டுகள் அதன் பிறகுதான் பந்திக்கு நகரும். முப்பது வருடமாகத் தட்டிய கை. மூடியைத் திறந்தால் தானாகவே தட்டிவிடும்.

ஆனால் இன்று கலியாணம் இல்லை, கந்தூரி இல்லை. இன்று அவர் சமைக்க வேண்டியிருந்தது நாலு பேருக்கு. நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், ஒரேயொருத்திக்கு. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த அந்த ஒருத்திக்கு.

கச்சிமுகம்மதுவை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆள் கட்டை, வயிறு பெரிது, குரல் சின்னது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் சஹனால்தான் அளப்பார். பஸ்ஸில் நெருக்கடி என்றால், "ஒம்பது சஹன் ஆள் ஏறிட்டானுகள்" என்பார். பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குக் கூட்டம் குறைந்தால், "இண்டைக்கு அம்பது சஹனும் தேறாது" என்று கவலைப்படுவார். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் கிடாரத்தின் மூடியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். திறந்தால் வாசம் எழும், வாசம் எழுந்தால் சிப்பாய்க்கும் ஒரு கோப்பை ஊற்றவேண்டும். அதனால் சாவடிக்கு என்று ஒரு சஹன் கூடுதலாகப் போட்டே ஆக்கிப் பழகியவர். சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியும் அந்த ஒரு சஹனைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் ஒரு முட்டைகூட அவித்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் இருப்பான். தலை நரைத்தாலும் அந்த வீட்டில் அவன் மாப்பிள்ளைதான். கச்சிமுகம்மதுவின் மனைவி ஜெசீமா இந்த விஷயத்தில் கண்டிப்பானவள். "வெளிய ஐந்நூறு பேருக்கு ஆக்குங்க. ஊட்டுக்குள்ள நீங்க மாப்புள. குசினிப் படிய மிதிச்சாக் கால ஒடிப்பன்" என்பாள். அவரும் மிதித்ததில்லை. இரவெல்லாம் புகையில் வெந்துவிட்டு விடியக்காலை வீட்டுக்கு வந்தால், அவருக்கென்று ஒரு தட்டில் சோறும் சின்னச் சட்டியில் இறைச்சி ஆணமும் இருக்கும். ஊரெல்லாம் மணக்க ஆக்கிய மனிதர், ஜெசீமாவின் அந்தச் சின்னச் சட்டியைத்தான் வழித்து நக்குவார்.

பிறகு கடல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள். கலியாணம் நின்றது. சமைத்ததை எல்லாம் லொறியில் ஏற்றி, சனம் ஓடி ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். கச்சிமுகம்மது அகப்பையோடு நின்று பரிமாறினார். வரிசையில் வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். அந்த நீண்ட வரிசையில் அவர் தேடிய முகம் வரவேயில்லை. அல்லாஹ்வே, அன்றைக்கு அந்தக் கை எப்படி அகப்பையைப் பிடித்தது என்று இன்றும் ஊரில் கேட்பார்கள்.

கடல் ஜெசீமாவைக் கொண்டுபோனது. வீட்டைக் கொண்டுபோனது. மாப்பிள்ளையாக இருக்க ஓர் இடமில்லாமல் போன மனிதருக்கு, அரசாங்கம் சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கொடுத்தது. இரண்டு அறை, ஒரு குசினி. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு வீடு. அதில் அவர் விருந்தாளி போலவே இருந்தார். பாணும் பிளேன்டீயும் கடையில். சோறு, ஜெசீமாவின் தங்கை சுஹறாவின் தயவில்.

அந்தச் சுஹறாதான் ஒரு நாள் முடிவு கட்டினாள். "மச்சான், என்ட ராத்தா போய் அஞ்சாறு வருசமாகுது. நீங்க தனியக் கிடந்து காய்ஞ்சு போறத என்னால பாக்க ஏலா." மருதமுனையில் சல்மா உம்மா என்றொரு கைம்பெண். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறை கட்டித் தனியாக இருப்பவள். நல்ல மனுசி. சுஹறா போய்க் கதைத்தாள். கதைத்த வேகத்தில் நாக்கு கொஞ்சம் நீண்டுவிட்டது.

"மச்சான் ஊட்டிலயும் அப்பிடித்தான், மதினி. ரெண்டு பேருக்கு ஆக்கினாலும் எறச்சி பஞ்சு மாதிரி வெந்து போகும்."

சல்மா உம்மா சிரிக்கவில்லை. "கலியாண ஊட்டில அவர்ர எறச்சிய நான் எத்தினயோ தரம் திண்டிரிக்கன். ஊட்டில ஆக்கினதத் திண்டு பாக்கணும். என்னோட இரிக்கப்போறது ஊட்டு மனுசன்தானே? வெள்ளிக்கிழம காக்காவக் கூட்டிட்டு வாறன். மறுகா முடிவு சொல்றன்."

அவ்வளவுதான். கச்சிமுகம்மதுவின் மிச்ச வாழ்க்கை முழுவதும் ஒரு சட்டி மாட்டிறைச்சியில் வந்து நின்றது.

அவர் பழகிப் பார்த்தார். ஒரு கிலோ இறைச்சி வாங்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் கையால் அள்ளிப் போட்டார். அந்தக் கை அள்ளியது அறுபது பேருக்கு. சட்டியில் இறைச்சி எது, தூள் எது என்று தெரியவில்லை. மறுநாள் தூளைக் குறைத்தார். ஆனால் தண்ணீர் விடவில்லை. "எறச்சி அதுட தண்ணியிலதான் வேகணும்" என்பது அவருடைய தொழில் வேதம். கிடாரத்தில் அது சரி. உப்பும் இஞ்சியும் உள்ளியும் பிரட்டி மூடிவைத்தால், இறைச்சி விடும் தண்ணீரே குளம் போல நிற்கும். சின்னச் சட்டியில் நின்ற தண்ணீர் ஒரு கோப்பை. ஒரு வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் அது வற்றி, இறைச்சி அடிப்பிடித்து, செருப்புத் தோல் போல ஆகியிருந்தது. விறகும் அவர் வைத்தது கலியாண விறகு.

"நான் ஆக்கித் தாறன் மச்சான். நீங்க ஆக்கின எண்டு சொல்லுவம். ஆருக்குத் தெரியும்?" என்றாள் சுஹறா.

"எனக்குத் தெரியுமே புள்ள. ஹலாலாக் கூட்டிட்டுப் போக வாற மனுசிக்கு, முதல் சோத்திலயே பொய்ய வெச்சுக் குடுக்கிறதா?"

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. சுஹறாவுக்கும் கலங்கியது. கலங்கிய கண்ணோடுதான் அவள் வெள்ளிக்கிழமை காலையில் சோறு சமைக்கச் சாமான்களோடு வந்தாள். குசினிக் கதவைத் திறந்தாள். கையில் இருந்த அரிசிப் பை கீழே விழுந்தது.

குசினியின் நடுவில் மூன்று கொங்கிறீட் கல். அதன்மேல் ஆள் குந்தக்கூடிய கிடாரம். அதன் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, புகைக்குள் கச்சிமுகம்மது.

"யா அல்லாஹ்! என்ன மச்சான் இது?"

"சத்தம் போடாத. இருவது கிலோ."

"இருவது கிலோவா? நாலு பேருக்கா?"

"நாலு பேருக்கு எனக்கு ஆக்கத் தெரியாது. இருவது கிலோவுக்குத் தெரியும். அதுக்குள்ள இருந்து நாலு பேருக்கு அள்ளிக் குடுப்பம். பொய்யில்லத்தானே? நான் ஆக்கினது, என்ட ஊட்டில ஆக்கினது."

"மிச்சத்த என்ன செய்யப் போறீங்க?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. கலியாண வீட்டில் மிச்சம் என்பதைச் சமையல்காரர் யோசிப்பதில்லை, அது வீட்டுக்காரரின் பாடு. இங்கே வீட்டுக்காரரும் தானே என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வெளிய வெச்சா ஒழுங்கைச் சனமே பாக்கும் எண்டுதான் உள்ளுக்க வெச்சன்" என்றார் பரிதாபமாக.

"கிடாரத்த ஒளிச்சிட்டீங்க. வாசத்த எங்க ஒளிக்கிற?"

வாசம் அதற்குள் எழும்பியிருந்தது. கறுவா, ஏலம், கராம்பு, றம்பை இலை எல்லாம் இறைச்சியின் சாற்றோடு சேர்ந்து, மூடியின் விளிம்பால் மெல்ல மெல்லக் கசிந்தது. அந்த நேரத்தில் கச்சிமுகம்மது வேறு மனிதர். கொள்ளிகளை வெளியே இழுத்து, தணலை மட்டும் அடியில் பரப்பினார். மூடிமேலும் கொஞ்சம் தணல் போட்டார். மூடியைத் திறந்து பார்க்கவில்லை. காதை வைத்துக் கேட்டார். பொளக் பொளக் என்று பெரிதாகக் கொதித்தால் இறைச்சி இறுகும், முணுமுணுவென்று கதைத்தால்தான் இளகும் என்பார். தேங்காய்ப்பாலை ஊற்றியது கடைசியில், விருந்தாளிகள் வந்து இருந்த பிறகு. குழம்பு ஒருமுறை திரண்டு, எண்ணெய் ஓரத்தில் மிதந்ததும், அவருடைய நெஞ்சு நிறைந்தது. நெஞ்சு நிறைந்ததும் கை தட்டிவிட்டது.

டங், டங், டங்.

ஜும்ஆ முடிந்து, சந்தியில் கதைத்து நின்றுவிட்டு, ஒழுங்கையில் ஆண்கள் வந்துகொண்டிருந்த நேரம் அது. தொழுததும் நேரே வீட்டுக்கு வந்திருந்தவர்கள் கச்சிமுகம்மதுவும் ஷரிபுதீனும்தான்.

முதலில் வந்தது மூன்றாம் வீட்டுப் பளீல். ஆட்டோ ஓட்டுகிறவன். முன் அறையில் புதுச் சாறனோடு ஷரிபுதீனைக் கண்டான். உள்ளே திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த, ஒழுங்கையில் எவருக்கும் சொந்தமில்லாத பெண்கள் செருப்பையும் கண்டான். கிடாரம் தட்டிய சத்தத்தை ஏற்கெனவே கேட்டிருந்தான். பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

"அஸ்ஸலாமு அலைக்கும்! கச்சிமம்மது காக்கா, கள்ளக் காக்கா! நிக்காஹ் எப்ப முடிஞ்ச? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லயே! வலிமாக் கலியாணச் சோத்துக்காவது தட்டினீங்களே, அல்ஹம்துலில்லாஹ்!"

குசினி வாசலில் நின்ற கச்சிமுகம்மது இல்லை இல்லை என்று அகப்பையை ஆட்டினார். பளீல் ஷரிபுதீனின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். "நீங்கதான் பொண்ணுட காக்காவா? நல்ல மனுசனுக்குக் குடுத்தீங்க. ஆள் மொக்கு, ஆனா நல்ல மனுசன்."

"ஆருக்கு ஆரைக் குடுத்த?" என்று ஷரிபுதீன் எழும்பினார். அதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. ஆண்கள் முன் அறைக்கு வந்தார்கள். பெண்கள் பின் கதவால் நேரே உள் அறைக்குப் போனார்கள். எவர் கையும் வெறும் கை இல்லை. சீனிப் போத்தல், வாழைப்பழச் சீப்பு, ஆணம் வாங்க மூடியோடு ஒரு வாளியும்கூட.

ஷரிபுதீனின் முகம் சிவந்தது. "சுஹறா புள்ள! என்ன கூத்து இது? நாங்க சும்மா பாக்க வந்த. என்ட தங்கச்சிட மானம் என்னாகும்? நாளைக்கு மருதமுனை முழுக்கக் கதைக்கும், சொல்லாமக் கொள்ளாம நிக்காஹ் முடிச்சிட்டாள் எண்டு."

ஒரு கைம்பெண்ணின் பெயர் எவ்வளவு மெல்லிய நூல் என்று கைத்தறி வியாபாரிக்குத் தெரியாதா? கச்சிமுகம்மது அகப்பையைக் கீழே வைத்தார். முப்பது வருடத்தில் எந்தப் பந்திக்கு நடுவிலும் அவர் அகப்பையைக் கீழே வைத்ததில்லை.

"எல்லாரும் கேளுங்க" என்றார், அந்தச் சின்னக் குரலில். "நிக்காஹ் இல்ல. ஒண்டுமில்ல. அவங்க சும்மா வந்த. பிழை என்டது. எனக்கு ரெண்டு பேருக்கு ஆக்கத் தெரியாது, அதுதான்..."

ஆனால் நாற்பது பேர் இரைகிற வீட்டில் அந்தக் குரல் யாருக்குக் கேட்கும்? பளீல் மட்டும், "வெக்கப்படுறாரு, வெக்கப்படுறாரு!" என்று சிரித்தான்.

அந்த இரைச்சலுக்கு மேலாக உள் அறையிலிருந்து ஒரு முதிய குரல் எழும்பியது. ஒழுங்கைக் கடைசி வீட்டு மரியங்கண்டு. காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்கப் பேசுபவர். சுனாமியில் மூன்று பிள்ளைகளையும் கொடுத்தவர். அவர் குரல் எழும்பினால் அந்த வீட்டுத்திட்டத்தில் எல்லோரும் வாயை மூடுவார்கள். அப்போதும் மூடினார்கள்.

"மகள், இந்த மனுசன் கேம்பில எங்களுக்கெல்லாம் சோறு போட்டாரு. எங்கள்ல ஆருமே அவருக்கு ஒரு பிடி சோறு போட்டதில்ல. ஊருக்கே அள்ளித் தந்த கை. அல்லாஹ் ஒங்க ரெண்டு பேருக்கும் பறக்கத்தச் செய்யட்டும். ஒருத்தருக்கு ஒருத்தர் நிழலா வெக்கட்டும்."

துஆ என்ற வேண்டுதல் கேட்கப்பட்டால் அதற்கு முதலில் பதில் சொல்லவேண்டியது யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவர். சொல்லாமல் இருந்தால், இந்தத் துஆ எனக்கு இல்லை என்பதாகும். கச்சிமுகம்மது திரைச்சீலையைப் பார்த்தார். ஷரிபுதீன் திரைச்சீலையைப் பார்த்தார். பளீல்கூட, ஏதோ விளங்கி, கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே இறக்கினான்.

"ஆமீன்" என்றாள் சல்மா உம்மா.

சத்தம் பெரிதில்லை. ஆனால் முன் அறை வரை வந்தது.

"தங்கச்சி!" என்றார் ஷரிபுதீன்.

"என்ன காக்கா? பெரிய மனுசி துஆ கேக்கிறா, ஆமீன் சொல்லாம வேறென்ன சொல்ற?"

இது சம்மதமா, மரியாதையா? கச்சிமுகம்மதுவுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை. தைரியமில்லாதபோது அவர் எப்போதும் செய்வதைச் செய்தார். குசினிக்குள் போய் ஆணத்தை அள்ளினார். வாளியில் ஊற்றினார், கோப்பையில் ஊற்றினார், யாரோ கழற்றிக் கொடுத்த டிபன் பெட்டியில் ஊற்றினார். ஒழுங்கை முழுவதும் வாங்கிக்கொண்டு, வாழ்த்திக்கொண்டு, பறக்கத்தைச் சொல்லிச் சொல்லிப் போனது. இருபது கிலோவுக்கு மிச்சம் எங்கே போகும் என்ற சுஹறாவின் கவலை ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்தது.

எல்லோரும் போன பிறகு, முன் அறையில் ஷரிபுதீனுக்கு விரித்தார்கள். உள் அறையில் பெண்களுக்கு விரித்தார்கள். ஷரிபுதீன் கோபத்தோடுதான் முதல் துண்டை எடுத்தார். விரல் பட்டதும் அது நாராகப் பிரிந்தது. குழம்பு சோற்றில் இறங்கி, சோறு செம்பழுப்பாக நின்றது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் இன்னொரு துண்டை எடுத்தார். பிறகு எலும்பையும் எடுத்தார்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"சுஹறா, ஆக்கினவர் எங்க? சாப்பிடுறாரா?"

"இல்ல மதினி. குசினிக்கிட்ட நிக்கிறாரு. பந்தி முடிஞ்சாத்தான் சமையல்காரர் சாப்பிடுவாராம்."

"இது பந்தியில்ல எண்டு சொல்லு. காக்காவோட ஒரு சஹன்ல குந்தச் சொல்லு. நான் அந்தப் பக்கம் பாக்கமாட்டன்."

கச்சிமுகம்மது வந்து குந்தினார். தான் ஆக்கிய இறைச்சியைச் சூடாக, முதல் பந்தியிலேயே, குந்தியிருந்து சாப்பிடுவது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு கவளம் வாயில் வைத்தார். மெல்ல வேண்டியதே இல்லாத இறைச்சியை நெடுநேரம் மென்றார். உப்புக் கொஞ்சம் கூடியிருந்தது, அது கண்ணிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம். ஷரிபுதீன் பார்க்காதது போல அவர் பக்கமாக இரண்டு நல்ல துண்டைத் தள்ளிவிட்டார்.

அஸர் தொழுகைக்கு முன்பே அவர்கள் எழும்பினார்கள். சல்மா உம்மா அபாயாவைச் சரிசெய்துகொண்டு முன் அறைக்கு வந்தாள். உயரமான பெண். கச்சிமுகம்மது சுவரோரம் ஒதுங்கி நின்றார், சோதனைச் சாவடியில் நிற்பது போல.

அவள் அவரைப் பார்க்காமல் குசினிப் பக்கம் பார்த்தாள்.

"என்ட குசினி சின்னன். அந்தக் கிடாரம் கதவால உள்ளுக்க வராது."

அவருடைய முகம் விழுந்தது. "நான் அத வித்துப்போடுறன்" என்றார். தன் கையை வெட்டித் தருகிறேன் என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

"விக்கச் சொல்லி ஆரு சொன்ன? வளவு கிடக்கு. முருங்க மரத்தடியில வெச்சு ஆக்குங்க, எத்தின சஹன் எண்டாலும் ஆக்குங்க." நிகாபை இழுத்துவிட்டாள். "ஊட்டுக்குள்ள நான் ஆக்குவன். ரெண்டு பேருக்கு. அதுக்கு நீங்க கிட்ட வரப்படாது."

"ஓம்" என்றார் கச்சிமுகம்மது. பிறகு அது போதாதென்று, "ஓம், ஓம்" என்றார்.

ஷரிபுதீன் தொண்டையைச் செருமினார். "ஊர் முழுக்க முடிஞ்ச எண்டுதான் நினைக்கிது. இனிப் பிந்தினாத்தான் மானக்கேடு. ஞாயித்துக்கிழம நிக்காஹ் ஓத லெப்பையோட வாங்க." படியிறங்கப் போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "அடியில கொஞ்சம் ஆணம் மிச்சமிருக்கா?"

சுஹறா சொப்பிங் பையில் கட்டிக் கொடுத்தாள். வெளியே பளீலின் ஆட்டோ நின்றது. அவனாகவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சல்மா உம்மா ஏறினாள், ஷரிபுதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். ஆட்டோ ஒழுங்கை முனையில் திரும்பும் வரை கச்சிமுகம்மது வாசலில் நின்றார்.

"போயிட்டாங்க மச்சான். உள்ளுக்க வாங்க" என்றாள் சுஹறா. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரத்தில் அவளுடைய ராத்தாவை நினைத்தாளோ என்னவோ. "மூக்கத் துடைங்க. மாப்புள எண்டா மாப்புள மாதிரி இரிக்கோணும்."

அவர் உள்ளே வந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.